ஒரு மாத டாக்டர்

காயத்ரி பார்த்துப் பார்த்துத் தயாரித்த பயோடேட்டாவைத் தலைமை டாக்டர் சாமுவேல் சந்தேகத்தோடு புரட்டினார்.

“சென்னையில பெரிய வேலை இருக்குது. அதுக்கு லீவு போட்டுட்டு, காஞ்சிபுரத்துல ஒரு மாசத் தற்காலிக வேலைக்கு ஏம்மா வர்றீங்க?”

“விருப்பந்தான் சார்.”

“சொந்த ஊர், அப்பா பேர் எதுவுமே போடலியே?”

அவள் சான்றிதழ்களை முன்னால் நகர்த்தினாள். ஆள் பற்றாக்குறையால் அவளைச் சேர்த்துக்கொண்டாலும், போலி டாக்டரோ என்ற சந்தேகத்தில் முதல் நாளே பின்தொடர்ந்தார்.

மாஸ்க் அணிந்திருந்த காயத்ரி, தீவிர சிகிச்சைப் பிரிவில் நெசவாளர் வேலாயுதத்தின் நாடியைப் பிடித்தாள். ‘சாதி மாறிக் கட்டிக்கினு போன எம் பொண்ணு வந்தா உள்ள விடாதீங்க’ என்று, சேரும்போதே சாமுவேலிடம் சொல்லிவைத்தவர் அவர்.

கிழவர் கண் திறந்தார். அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டார்.

“மாஸ்க்கக் கழட்டு காயத்ரி. மொகத்தப் பாக்கணும்.”