ஐந்தாவது ஆப்

"இதுவும் சரியில்லங்க. மேப் ரொம்பப் பெருசு. ஃபோன்ல விரல் வைக்க எடமில்ல" என்றாள் சுதாராணி.

மஸ்கட்டில் யோகராஜ் விட்ட பெருமூச்சு கோவில்பட்டியில் தெளிவாகக் கேட்டது.

"நாலாவதையும் தள்ளிட்டியா? ஏட்டி, எல்லாத்துக்கும் ஒரு குறை சொல்லுத."

"டெஸ்ட் பண்ணச் சொன்னது நீங்கதான? நாளைக்கு ஒங்க கூட்டாளிமாரு என்னையத்தான் வைவாவ."

இருபது வருடத்துக்கு முன், இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலில், யோகராஜும் இன்னாசிராஜும் இன்னும் மூன்று பேரும் ஒரு விளையாட்டு வைத்திருந்தார்கள். ஒருவன் கதை சொல்ல வேண்டும். மற்ற நால்வரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வீரன். காட்டுக்குள் நுழைவதா, கதவைத் தட்டுவதா என்று அவரவர் சொல்வார்கள். அது பலிக்குமா என்று பகடை சொல்லும். கதை சொன்னவன் எப்போதும் யோகராஜ்தான்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒருநாள், "பழைய ஆட்டத்த ஆன்லைன்ல ஆரம்பிக்கலாம்னு இருக்கோம் சுதா" என்று ஃபோனில் சொன்னான். "அதுக்குன்னே ஏகப்பட்ட ஆப் இருக்கு. எது தோதுன்னு தெரியல. வெள்ளிக்கிழம எனக்கு லீவுதான். நீ ஒரு ஆளா இருந்து ஒவ்வொண்ணா டெஸ்ட் பண்ணித் தாயேன்."

"எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்?" என்றாள். பிறகு, போனால் போகிறது என்று ஒப்புக்கொண்டாள்.

அதுவரை அவர்கள் பேச்சு நான்கு நிமிடத்தைத் தாண்டியதில்லை. சாப்பிட்டீங்களா. சாப்பிட்டேன். அங்க மழை உண்டா. இல்ல. சரி வைக்கேன். அவன் போய் ஆறு வருடத்தில் அப்படி ஆகிவிட்டது. சண்டை என்று ஒன்றும் கிடையாது.

டெஸ்ட் பண்ணவும் ஒரு கதை வேண்டுமே. அவன் கதை சொன்னான். அவள் குதிரையேறி வரும் வீராங்கனை ஆனாள். தனக்குச் செண்பகவல்லி என்று பெயர் வைத்துக்கொண்டாள். முதல் ஆப்பில் குரல் விட்டு விட்டுக் கேட்டது. இரண்டாவதில் பகடை தானே உருண்டது. "நாம உருட்டுன மாதிரியே இல்லங்க" என்றாள். மூன்றாவது திறப்பதற்குள் உலை கொதித்துவிடும் என்றாள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வெள்ளிக்கிழமை போனது.

"சரி, ஆப்ப விடு. கதை பாதியில நிக்குது. அத மட்டும் முடிச்சிருவமா?"

"ம்."

யோகராஜின் குரல் மாறியது. "புதூர் ரோடு. மழை இப்பத்தான் வெறிச்சிருக்கு. ரெண்டு பக்கமும் கம்மங்காடு. கரிசல் மண்ணு களியாக் கெடக்கு. செண்பகவல்லியோட குதிர கால் புதைஞ்சு நின்னுபோச்சு. இனி அது நகராது. பொழுது சாயுது. என்ன செய்வ?"

சுதாராணி கையில் இருந்த ஃபோனை மேஜையில் வைத்துவிட்டு, ஸ்பீக்கரைப் போட்டாள்.

"எறங்கிருவேன். செருப்பக் கழட்டிக் கையில எடுத்துக்கிடுவேன்."

"அப்புறம்?"

"நடப்பேன்."

"பகடையப் போடு."

"போட மாட்டேன். அன்னைக்கு பகடை போட்டா நடந்தேன்?"

அந்தப் பக்கம் அவன் சிரித்துவிட்டான். கல்யாணமான வருடம் அது. புதூரில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. குறுக்கு வழி என்று காட்டுப் பாதையில் விட்ட பைக்கின் சக்கரத்தில் மண் அப்பி, வண்டி அசையவில்லை.

"நான் குச்சிய வச்சு மண்ணக் குத்திக்கிட்டு நிக்கேன். நீ பாட்டுக்குச் செருப்பத் தூக்கிட்டு நடக்க!"

"நீங்கதான முன்னால போன்னீய. பட்டுச்சேலை முழங்கால் வரைக்கும் சேறு. ஒங்கம்மா வாசல்லயே நிறுத்தி, குழாயில காலக் கழுவுன்னாவ."

"நம்ம ரெண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கல."

"ஒங்களுக்குத்தான் அடங்கல. நான் வாயப் பொத்திக்கிட்டேன்."

இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். செண்பகவல்லியும் குதிரையும் அந்தக் காட்டிலேயே நின்றுபோயினர். ஃபோனில் சார்ஜ் குறைந்து சத்தம் கொடுத்தபோதுதான் சுதாராணி நேரத்தைப் பார்த்தாள். இரண்டே கால் மணி நேரம்.

"அடுத்த வெள்ளிக்கு அஞ்சாவது ஆப் ஒண்ணு பாத்து வைக்கேன்" என்றான் யோகராஜ். "அதாச்சும் ஒனக்குப் பிடிக்குதான்னு பாப்போம்."

"பாப்போம். வைக்கட்டுமா?"

வைத்த கொஞ்ச நேரத்தில் வாசலில் பைக் சத்தம் கேட்டது. இன்னாசிராஜ் பத்திரிகையோடு நின்றான்.

"வாங்க அண்ணாச்சி. உள்ள வாங்க."

"இல்ல தங்கச்சி, இன்னும் நாலு வீட்டுக்குப் போணும். ஞாயித்துக்கிழம கடம்பூர்ல புது வீட்டுக்குப் பால் காய்ச்சுதோம். கண்டிப்பா வந்துரணும்." பத்திரிகையைக் கொடுத்துவிட்டுத் தயங்கினான். "யோகராஜுக்கும் சொல்லணும்னு மத்தியானத்துல இருந்து ஃபோன் போடுதேன். பிஸின்னே வருது. இன்னும் எங்க மேல கோவமா இருக்கானோ?"

"என்ன கோவம் அண்ணாச்சி?"

"மூணு மாசம் இருக்கும். பழைய ஆட்டத்த ஆன்லைன்ல ஆடுவோம்னு ஆசையாக் கேட்டான். வேல, பிள்ளைய படிப்புன்னு நாங்க நாலு பேருமே முடியாதுன்னுட்டோம். அதோட அவனும் அந்தப் பேச்சையே விட்டுட்டான்."

சுதாராணி சிரித்தாள்.

"தெரியும் அண்ணாச்சி, மொத ஆப் டெஸ்ட் பண்ணுன வாரமே ஒங்க வீட்டு மிக்கேலம்மா அக்கா சொல்லிட்டாவ. எனக்குத் தெரியும்னு மட்டும் ஒங்க கூட்டாளிட்ட சொல்லிராதீங்க, அடுத்த வெள்ளிக்கிழமயும் நான் ஆப் சரியில்லன்னு சொல்லணும்."