அரை மில்லிமீட்டர்

"காற்று அடித்தால் நீ எங்கேயோ போய் விழுவாய். உன்னை நம்பி ஆயிரம் மீட்டருக்கு யார் குறி வைப்பார்கள்?" ஆறரை மில்லிமீட்டர் தோட்டா நேற்றுச் சொன்னதை இன்றும் அட்சரம் பிசகாமல் சொன்னது.

"உன் உதைக்குத் தோள்பட்டையே கழன்றுவிடுமே, அதைச் சொல்லேன்!" என்றது ஆறு மில்லிமீட்டர்.

பக்கத்தில் கிடந்த, தோளில் ஊன்றும் ரைஃபிள் மரக்கட்டைக்குக் காது புளித்துவிட்டது. அதை இழைத்து மெருகேற்றி இரண்டு வருஷமாகிறது. இன்னும் குழல் வரவில்லை. எந்தத் தோட்டா என்று முடிவானால்தானே அதற்கேற்ற குழலை வாங்க முடியும்? எஜமானரோ ஒப்பிட்டு ஒப்பிட்டு அட்டவணை போட்டுக்கொண்டிருந்தார்.

"சுடும் மைதானத்தைப் பார்க்காமலே என்னைக் கரையான் தின்றுவிடும் போலிருக்கிறது. ஒருத்தர் விட்டுக்கொடுத்தால் குறைந்தா போய்விடுவீர்கள்?"

"அவன் விடட்டும், அக்கா," என்றன இரண்டும்.

மாலையில் எஜமானர் ஒரு பார்சலோடு வந்தார். குழல்தான் என்று கட்டை பூரித்துப் போனது. பிரித்தால், ஆறுக்கும் ஆறரைக்கும் நடு அளவில் புத்தம் புதுத் தோட்டா ஒன்று உருண்டு விழுந்தது. மற்ற இரண்டும் அதன்மேல் பாய்ந்தன. அதுவும் சளைக்கவில்லை. எஜமானர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அட்டவணையில் இன்னொரு கோடு இழுத்தார்.

"சார், சீட்டுக் குலுக்கிப் போட்டாவது ஒன்றை எடுங்களேன்," என்றது கட்டை.