சொன்ன பேச்சு கேட்கும் நிருபர்

நிருபர் ஞானசிகாமணி வெட்டிக் கொல்லப்பட்ட செய்தியை மறுநாள் பத்திரிகையில் ஞானசிகாமணியே எழுதியிருந்தார். அவருடைய இருபது வருடக் கட்டுரைகளையும் போன் பேச்சுகளையும் ஊட்டி வளர்த்த கணினி நகல் ஒன்று அலுவலகத்தில் தயாராக இருந்தது. அதற்கு லீவு வேண்டாம், போலீஸ் காவலும் வேண்டாம். வெட்டினாலும் சாகாது.

'மர்ம நபர்கள் தப்பியோட்டம்' என்று இருந்தது. மனைவி எஸ்தர் அதை இரண்டு முறை படித்தாள். பெயர் தெரிந்தும் பயந்தவன் எழுதுகிற வார்த்தை அது என்று ஆயுசு முழுக்கத் திட்டியவர் அவர்.

அலுவலகத்துக்குப் போன் செய்தாள். ஆசிரியர் பெருந்தன்மையாக நகலுக்கே இணைப்பைக் கொடுத்தார்.

"மணல் குவாரிக்காரன் பேரை ஏன் எழுதல? நாலு மாசமா அவன் பின்னாலதான அலைஞ்சீங்க?"

"நமக்கு எதுக்கு வம்பு?" அதே கரகரத்த குரல். "ஊர்ல இத எழுத வேற ஆளே இல்லையா? பிள்ளைங்கள நினைச்சுப் பாக்க வேண்டாமா?"

தினமும் மதியம் போன் செய்து அவரிடம் எஸ்தர் கெஞ்சிய வார்த்தைகள் அவை.

ஞானசிகாமணி ஒரு நாளும் காதில் வாங்காததை, நகல் ஒன்றுவிடாமல் கேட்டுவைத்திருந்தது.