திருந்திய மந்திரவாதி

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் கிளார்க்காக இருக்கும் இளமதி, மாத நாவல்களும் எழுதுவாள். அவளுடைய புதுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேனேஜர் ராகவேந்திரன் கூப்பிட்டபோதே, வேலை போச்சு என்று அவள் முடிவுகட்டிவிட்டாள்.

“போன வருஷ நாவல்ல, நம்ம பஸ் ஸ்டாண்டுல உக்காந்துகிட்டு, எதிர்த்துப் பேசுறவங்களையெல்லாம் பீங்கான் பொம்மையா மாத்துற மந்திரவாதி நான்தானே?”

“ஐயோ, இல்லைங்க சார்!”

“வாட்ச்மேனுக்குக்கூட தெரிஞ்சிருக்குதும்மா. இந்தப் புத்தகம் முழுக்க அதே மந்திரவாதிதான். திருந்தி, பொம்மைங்கள மனுஷங்களாக்கி, ஒவ்வொருத்தர்கிட்டயும் அழுது மன்னிப்பு கேக்குறான்.”

அவளுக்கு மூச்சு வந்தது. “அது நீங்கதாங்க சார். உங்க நல்ல மனச நெனச்சுதான் எழுதுனேன்.”

ராகவேந்திரன் மேஜையில் ஓங்கித் தட்டினார்.

“யாரும்மா உன்னைக் கேட்டா? போன வருஷம் பூரா என்னைப் பார்த்தாலே நடுங்குனாங்க. ஒருத்தன்கூட லீவு கேக்கல. இன்னிக்கு மட்டும் பதினோரு லீவு லெட்டர்! சூளையில வேலை செய்யறவன் என் தோள்ல கை போட்டு, ‘நல்லாருக்கீங்களா’ன்னு கேக்குறான்!”

அவர் குரலைத் தாழ்த்தினார்.

“அடுத்த புத்தகத்துல அவன மறுபடியும் கெட்டவனாக்கிடும்மா. எழுத எத்தனை நாள் லீவு வேணும், சொல்லு.”