ஏழு நிமிஷம், அஞ்சு நிமிஷம்

நடுச்சுவரில் காதை வைத்தபடி தாட்சாயணி செல்போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டினாள்.

பக்கத்து வீட்டு மருமகள் ரூபா மறுபடியும் முனகினாள்.

ஏழு நிமிஷம்.

மூன்று மாதமாக யூடியூபில் படித்த படிப்பு இது. வலி விட்டுவிட்டு வருவதற்குப் பேர் கான்ட்ராக்‌ஷன். அஞ்சு நிமிஷத்துக்கு ஒன்று வந்தால் வீட்டில் இருக்கக் கூடாது. அடுத்த வீட்டு விஷயம் என்றால் அவளுக்கு அவ்வளவு அக்கறை.

வியாபாரம் சுருங்கினாலும் இங்கிலீஷ் பேப்பரில் அதே கான்ட்ராக்‌ஷன்தான் போடுகிறான் என்றார் அவள் புருஷன் முனிரத்தினம். ஒரு மணி நேரமாக ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்த மனுஷன்.

அவள் முறைத்ததில் அவரும் சுருங்கினார்.

ஆறு நிமிஷம்.

ரேணிகுண்டாவிலிருந்து திருப்பதி ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரம். வெள்ளிக்கிழமை, மலைக்குப் போகிற கூட்டம் வேறு. ரூபாவின் மாமியார் பச்சையம்மாளோ பையைக் கட்டி வைத்துக்கொண்டு, பன்னிரண்டு அடித்து ராகு காலம் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். அதற்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

நேரே போய் நாலு வார்த்தை கேட்கலாம்தான். ஆனால் அந்த வீட்டு வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று இரண்டு வருஷம் முன்னால் நடுத்தெருவில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவள் தாட்சாயணி. தெருவுக்கு அது ஒரு வார்த்தை பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. புதிதாகக் குடிவந்தவர்களுக்கு முதலில் சொல்கிற கதையே அதுதான்.

அஞ்சு நிமிஷம்.

ஆட்டோ கங்கையாவுக்குப் போன் போட்டாள்.

அடுத்தது நாலிலேயே வந்துவிட்டது.

சத்தியம் வாசற்படிக்குத்தானே? மதிலுக்கு இல்லையே?

பின்பக்கம் ஓடிப் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டாள். புடவையை இழுத்துச் செருகினாள். ஐம்பத்திரண்டு வயசு, எழுபத்தெட்டு கிலோ, மதில்மேல். எதிர்மாடியில் துணி உலர்த்திய சுமித்ரா, கிளிப்பை வாயில் கவ்வியபடியே நின்றுவிட்டாள்.

தொப்பென்று அந்தப் பக்கம். முட்டியில் ரத்தம். பார்க்க நேரமில்லை.

"நீ ராகு காலம் பாத்துக்கினு குந்தியிரு. புள்ள என்னா, பஞ்சாங்கம் பாத்துக்கினா வரும்?" என்று கத்திக்கொண்டே போய் ரூபாவின் தோளைத் தாங்கினாள்.

தெருவில் ஆட்டோ ஹாரன் அடித்தது.

பச்சையம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள். ரூபாவின் முகத்தைப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு மறுதோளைப் பிடித்தாள்.

மூன்று பேருமாக வாசல்வரை வந்தார்கள். அங்கே தாட்சாயணியின் கால் மட்டும் நின்றுவிட்டது.

பச்சையம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"மிதிங்க, சம்மந்தி. ராகு காலத்துல கெளம்புற பாவத்தோட அதுவும் என் தலையில கெடக்கட்டும்."