நான்-ஸ்டாப்

இன்றைக்கு வாயைத் திறப்பதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டுதான் அந்த ரிட்டயரான பஸ் கண்டக்டர் கட்டிலில் ஏறிப் படுத்தார். தொடையில் இருந்த கட்டியைச் சூடு கொடுத்தே அழிக்கும் சிகிச்சை. போன இரண்டு தடவையும் சூடு ஏறுவதற்குள்ளேயே பட்டனை அமுக்கி மெஷினை நிறுத்த வைத்துவிட்டார்.

இன்னொரு முறை நிறுத்தினால் காலை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். வரும் வழியெல்லாம் மனைவி அதையே சொல்லி அவரைப் பிடுங்கி எடுத்தாள்.

"என்ன கண்டக்டர் சார், இன்னிக்கு எத்தனை ஸ்டாப்பு?" என்றாள் மெஷினை இயக்கும் பெண். ஜன்னலோரப் பாத்திரத்தில் உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் தண்ணீரில், கட்டிக்குள் செருகும் ஊசி ஒயரை முக்கி, சூட்டின் அளவைச் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்-ஸ்டாப்மா" என்றவர், பட்டனைத் தாமே மேசைமேல் தள்ளி வைத்துவிட்டுக் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

வாசலில் யாரோ கூப்பிட, அவள் போய்ப் பேசிவிட்டு வந்தாள். தொடைமேல் சூட்டுத் தட்டு வந்து உட்கார்ந்தது. வழக்கமாக உயிர் போகும் ஊசிக் குத்துகூட இன்றைக்குத் தெரியவில்லை. எல்லாம் மனசுதான் என்று அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து அவள் குரல் கொடுத்தாள். கட்டிக்குள் முப்பத்தேழு டிகிரியைத் தாண்டவே இல்லையாம். நாற்பத்திரண்டு டிகிரியாவது வந்தால்தான் பிரயோஜனமாம்.

"இன்னும் ஏத்தட்டுமா சார்? சுடலையே?"

"இல்லம்மா. ஏத்து."

தொடைக்குள் கொள்ளிக்கட்டையைச் செருகியது போலிருந்தது. துண்டை வாயில் திணித்துக்கொண்டார். அவள் மறுபடி மறுபடி கேட்டாள். அவர் மறுபடி மறுபடி தலையாட்டினார். கண்ணோரம் தண்ணீர் வழிந்ததே தவிர, கை பட்டன் பக்கம் போகவில்லை.

கொஞ்ச நேரத்தில் வலி அடியோடு நின்றுபோனது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார்.

சிகிச்சை முடிந்ததும் மனைவி உள்ளே ஓடிவந்தாள். வெளியே ஒரு முனகல்கூடக் கேட்கவில்லை என்று பூரித்துப்போய், அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள்.

"இவ்ளோ வைராக்கியத்தை இத்தனை நாளா எங்கங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

அந்தப் பெண் தட்டைத் தூக்கினாள். ஊசியை உருவக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு மெல்லத் திரும்பி, ஜன்னலோரத் தண்ணீர்ப் பாத்திரத்தைப் பார்த்தாள்.

"சார்... ஒயர் இன்னும் தண்ணியிலயேதான் இருக்கு."