புகை படிந்த மாடம்

இடைக்காலத்தில் கட்டப்பட்டு, பின்பு ஒரு கல்கூட மிஞ்சாமல் மறைந்துபோனதாகச் சொல்லப்பட்ட கிறிஸ்தவச் சிற்றாலயத்தை அந்த ஆங்கிலேய ஊரின் வரலாற்றுச் சங்கம் தலைமுறை தலைமுறையாகத் தேடியது. கடைசியில் அது இராசநேசனின் பலசரக்குக் கடைப் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே அகப்பட்டுவிட்டது. சுவரில் ஒரு சிறு மாடம், மாடம் முழுக்கக் கரி. சங்கத் தலைவர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு அதை முகர்ந்தார்.

"எழுநூறு வருடத்து மெழுகுவர்த்திப் புகை," என்றார், கண்கலங்கி. உடன் வந்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஆலயம் என்று உறுதியாகிவிட்டால் இராசநேசன் கடையைக் காலி செய்ய வேண்டியதுதான்.

"இஞ்சருங்கோ, அது என்ர கற்பூரப் புகையெண்டு சொல்லுங்கோவன்," என்று மனைவி வதனி காதோடு சொன்னாள். மாடத்தில் இருந்த பிள்ளையாரை அவள் காலையிலேயே மா மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தாள்.

"உமக்கென்ன விசரே? உள்ளுக்க நெருப்புக் கொளுத்தினா அண்டைக்கே வெளியால போகவேணுமெண்டு சொல்லித்தானே கடையைத் தந்தவன். அங்க பாரும், எங்களைத்தான் பாக்கிறான்."

கதவருகே நின்ற கட்டடச் சொந்தக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மாடத்துக்குள் விரலைவிட்டுத் தேய்த்தார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். அப்புறம் தலைவரை விட்டுவிட்டு இராசநேசனிடம் திரும்பி, மிக மரியாதையாகக் கேட்டார்:

"நீங்கள் சொல்லுங்கள், இது எந்தக் காலத்துப் புகை?"

பழைய புகை என்றாலும் புதிய புகை என்றாலும் கடை போய்விடுமே என்று இராசநேசன் கணக்குப் போட்டார். அதற்குள் வதனி வாயைத் திறந்தாள்.